வாலில் இருக்கிறது வேகம்

சைக்கிள் மிதிக்கிறவனுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று மேடு, மற்றொன்று காற்று. மேடு நாணயமான பகைவன். ஏறும்போது வாங்கிக்கொண்ட உழைப்பை இறங்கும்போது திருப்பிக் கொடுத்து விடுகிறது. காற்று அப்படியன்று. வாங்கியது வாங்கியதுதான். நாம் பிளந்துகொண்டு போன காற்று நமக்குப் பின்னால் சுழன்று சுழன்று, அடங்கிப் போகிறது. நம் தொடைகள் பட்ட பாடெல்லாம் அந்தச் சுழலோடு போய் விடுகிறது.

நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் கங்கைச் சமவெளியில் மேடு என்பதே இல்லை. ஊர் பலகைபோல் கிடக்கிறது. ஆகவே இங்கே சைக்கிளைத் திருத்துவது என்றால், காற்றோடு அதற்குள்ள உறவைத் திருத்துவதுதான். இதை நம் சங்க நண்பர்கள் சிலர் உணர்ந்திருக்கிறார்கள். ஆண்டு விழாக் கண்காட்சிக்கு வைப்பதற்காக ஒரு சாய்வு சைக்கிளைக் கட்டி வருகிறார்கள். சட்டம் ஒட்டியாகி விட்டது, வண்டியும் ஓடுகிறது. இனி அதை எப்படி மேம்படுத்துவது என்பதில்தான் விவாதம். முன்புறம் பளபளப்பான மூக்கு ஒன்று வேண்டும், முடிந்தால் வண்டி முழுவதையும் ஒரு கூட்டுக்குள் அடைத்துவிட வேண்டும் என்பது பெரும்பாலோர் கட்சி. அடியேன் சிறுபான்மைக் கட்சி. முதலில் வால், அடுத்தது பின்சக்கரம், எல்லாவற்றிற்கும் முன்னும் பின்னும் அளவு; மூக்கு கடைசியில் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறேன். ஒப்பாதவர்கள் அடுத்த இதழில் மறுக்கலாம்.

தள்ளி வைக்கப்பட்ட வண்டி

சாய்வு சைக்கிளைப் பார்த்திராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. சாய்வு நாற்காலியில் தாத்தா மல்லாந்து சாய்ந்திருப்பாரே, அந்த நிலையில் உடல் இருக்கும். கால்கள் முன்னால் நீண்டு மிதிக்கும். புதுமையாகத் தோன்றினாலும் இது புதியது அன்று. பிரான்சு நாட்டில் சார்ல் மொஷே என்பவர் 1930-களின் தொடக்கத்தில் இத்தகைய வண்டியைச் செய்தார். 1933 ஜூலை 7-ஆம் நாள், பாரிசில், பிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர் அதில் சாய்ந்து ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். அப்போது ஃபோர் முதல் வரிசை வீரர் அல்லர். ஆயினும், ஆஸ்கார் எக் 1914-இல் நாட்டிய 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று முறிந்தது. பத்தொன்பது ஆண்டு எவராலும் அசைக்க முடியாத சாதனையை அசைத்தது வீரரின் காலன்று, வண்டியின் வடிவம் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

விளங்கியதுதான் வினையாயிற்று. 1934-இல் சர்வதேசச் சைக்கிள் சங்கம், பந்தயச் சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரையறை வகுத்தது. அந்த வரையறைக்குள் சாய்வு சைக்கிள் அடங்கவில்லை. பந்தயத்தில் இடமில்லை என்றால் வாங்குவோர் இல்லை; வாங்குவோர் இல்லை என்றால் செய்வோர் இல்லை. நல்ல கருத்து ஒன்று நாற்பது ஆண்டுகள் மூலையில் கிடந்தது. 1970-களில் கலிபோர்னியாவில் செஸ்டர் கைல் என்ற பேராசிரியர் மாணவர்களை வைத்துக்கொண்டு சைக்கிளின் காற்றுத் தடையை அளக்கத் தொடங்கிய பிறகுதான், 1975-இல் எவ்வகை வண்டியும் வரலாம் என்ற கட்டில்லாப் பந்தயம் நடந்தது. சாய்வு சைக்கிளும் மீண்டு வந்தது.

இன்று நிலை என்ன? சங்கத்தின் விதிப்படி அமைந்த நிமிர்ந்த சைக்கிளில் ஒரு மணி நேரச் சாதனை, இத்தாலியரான பிலிப்போ கன்னா 2022-இல் ஓட்டிய 56.792 கிலோமீட்டர். கூடு போர்த்திய சாய்வு வண்டிகளோ ஒரு மணியில் 90 கிலோமீட்டரைத் தாண்டி விட்டன. குறுந்தொலைவு வேகத்தில், கனடாவைச் சேர்ந்த டாட் ரைகர்ட் 2016-இல் அமெரிக்க நெவாடா மாநிலத்தின் பாட்டில் மவுன்டன் சாலையில் மணிக்கு 144.17 கிலோமீட்டர் எட்டினார். மோட்டார் இல்லை, பெட்ரோல் இல்லை, இரண்டு கால்கள்தாம்!

கணக்கு என்ன சொல்கிறது?

காற்றுத் தடைக்கு மூன்று காரணங்கள். முதலாவது வேகம், அது இருமடங்கானால் தடை நான்கு மடங்கு. இரண்டாவது, காற்றுக்கு நாம் காட்டும் முகப்புப் பரப்பு. மூன்றாவது, வடிவத்தின் நன்மை தீமையைச் சொல்லும் தடை எண். பின்னிரண்டையும் பெருக்கி வருவதைத் தடைப் பரப்பு என்று இங்கே அழைக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டை படபடக்கச் சாதாரணச் சைக்கிளில் போகிறவனுக்கு அது அரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் மாறும்; கணக்குக்கு இது போதும்.

மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகம். காற்று அசையாத காலைப் பொழுது. தடை 7.5 நியூட்டன். அதை வெல்ல ஏறத்தாழ 38 வாட் போதும். டயர் தரையில் உருள்வதற்கு இன்னொரு 25 வாட் போல ஆகும். பேசிக்கொண்டே போகலாம்.

இப்போது எதிரே மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று வீசட்டும். சைக்கிளின் வேகம் மாறவில்லை. ஆனால் உடலைத் தாக்கும் காற்றின் வேகம் இருமடங்காகி விட்டது. தடை 30 நியூட்டன். செலவு 150 வாட். உருளும் தடையையும் கூட்டினால் 175 வாட்! பயிற்சி இல்லாத ஆள் ஒரு மணி நேரம் தளராமல் கொடுக்கக் கூடியது 75 முதல் 100 வாட் வரைதான். ஆகவே அவன் என்ன செய்வான்? வேகத்தைக் குறைப்பான், அதற்கும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவான்.

இந்த இடத்தை நண்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். காற்றுத் தடை என்றதும் பந்தய வீரனின் கவலை என்றே பலர் எண்ணுகிறார்கள். "நாம் போகிற பதினைந்து கிலோமீட்டர் வேகத்திற்கு இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். காற்று அடிக்காத நாளில் அவர் கேள்வி பாதி நியாயம். அந்த வேகத்தில் காற்றுத் தடையும் உருளும் தடையும் ஏறக்குறையச் சமம். ஆனால் காற்றடிக்கும் நாளில், மெல்லப் போகிறவனும் பந்தயக்காரன் சந்திக்கிற காற்றையே சந்திக்கிறான். பந்தயக்காரனின் உடையும் பயிற்சியும் இல்லாமலே சந்திக்கிறான்.

நான் உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எங்களுக்குப் பழக்கம். அம்மியே பறக்கும் என்கிறார்களே, அந்தக் காற்றில் மேற்கே இருந்த பள்ளிக்கூடத்துக்குப் பதினோராம் வகுப்பில் சர்க்கார் கொடுத்த சைக்கிளை மிதித்தவன். காற்றாலைகள் சுற்றச் சுற்ற நாங்கள் சுற்றாமல் நின்ற நாட்கள் உண்டு. இங்கே வந்து பார்த்தால் இந்த ஊருக்கும் ஒரு காற்று இருக்கிறது. கோதுமை அறுப்புக் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் அதைப் 'பச்சுவா' என்கிறார்கள். நம் விடுதிச் சமையற்கூடத்தில் ரொட்டி போடும் பையாக்கள் சிலர் மேற்கேயுள்ள கிராமங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் வருகிறவர்கள். நாள் முழுதும் அடுப்பருகே நின்றுவிட்டு, மாலையில் பச்சுவாவை எதிர்த்து மிதித்து வீடு போகிறார்கள். மேலே போட்ட 175 வாட் கணக்கு அவர்களுடைய கணக்கு.

2011 குடிமதிப்பின்படி இந்த நாட்டில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. இவ்வளவு பேர் ஏறுகிற வண்டியைப் பற்றி நம் சோதனைக் கூடங்கள் எவ்வளவு சிந்தித்திருக்கின்றன? கண்காட்சியில் வைக்கப் போகும் நம் வண்டி, அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டாமா?

பிளப்பது எளிது; சேர்ப்பது அரிது

சாய்ந்து உட்கார்ந்த மாத்திரத்திலேயே தடைப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம். ஃபோர் பெற்ற நன்மை அதுவே. மீதிப் பாதியை எங்கே குறைப்பது?

காற்று ஒரு பொருளைச் சந்திக்கும்போது முன்னால் பிளக்கிறது. பின்னால் மறுபடி சேர வேண்டும். பிளப்பதில் சிரமம் இல்லை. சேர்வதில்தான் எல்லாச் சிக்கலும். பொருளின் அகன்ற இடத்தைத் தாண்டியதும் காற்று வேகம் குறைந்து அழுத்தம் கூடும் திசையில் செல்ல வேண்டியிருக்கிறது. மேட்டில் ஏறுவது போல. பரப்பை உராய்ந்து வந்து களைத்துப் போன காற்றுப் படலத்துக்கு அந்த மேடு ஏறத் தெம்பில்லை. அது பரப்பை விட்டு விலகிச் சுழலாகிறது. பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகி, வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. நம்மைத் தடுப்பது முன்னே உள்ள காற்று என்றுதான் தோன்றும். உண்மையில் பின்னே உள்ள வெற்றிடம் சட்டையைப் பிடித்து இழுக்கிறது.

எண்களைப் பாருங்கள். முகப்புப் பரப்பு ஒன்றாகவே உள்ள மூன்று பொருள்கள். காற்றுக்குக் குறுக்கே பிடித்த வட்டத் தட்டு: தடை எண் ஏறத்தாழ 1.1. பந்து: ஏறத்தாழ அரை. மீனைப் போல முன்னே உருண்டு பின்னே நீண்டு ஒடுங்கும் உருவம்: ஏறத்தாழ 0.05. பந்துக்கும் மீனுக்கும் முன்பக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை, இரண்டும் உருண்டைதான். பத்து மடங்கு வேறுபாட்டைச் செய்தது வால்! நம் ஊர்க் குளத்து விரால்மீனைப் பார்த்தவனுக்கு இது புதுச் செய்தியன்று.

சாய்வு சைக்கிளின் முன்பக்கம் காலடியும் முழங்காலுமாக இருக்கிறது, அழகில்லை. ஆனால் பின்பக்கம்? தோளும் தலையும் இருக்கை முதுகும் வந்த இடத்தில் சட்டென்று முடிந்து போகின்றன. தட்டின் பின்புறம் போன்ற முடிவு அது. அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும் என்கிறேன்.

எப்படி? இருக்கையின் பின்னால், தோள் அகலத்தில் தொடங்கி, பத்துப் பாகை அளவில் மெல்ல ஒடுங்கும் ஒரு பெட்டி. அவசரப்பட்டுச் செங்குத்தாக ஒடுக்கினால் காற்று ஒட்டாது. பெட்டி வெறும் சுமையாகி விடும். முனை கூரிய ஊசியாக முடிய வேண்டும் என்பதும் இல்லை. ஓரளவு ஒடுங்கிய பின் நேராக வெட்டிவிட்டாலும் பெரும்பான்மைப் பயன் கிடைக்கிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் 1930-களில் மோட்டார் வண்டிகளில் காட்டியிருக்கிறார். ஒரு மீட்டர் நீள வால் நமக்குப் போதும். மூங்கில் சிம்பால் எலும்புக்கூடு; மேலே விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்தும் சன்பேக் தகடு. தேர்தல் முடிந்தால் தெருவெல்லாம் கிடைக்கும் பொருள்! இரண்டு கிலோ எடைக்குள் முடித்து விடலாம். உள்ளே புத்தகப் பையும் சாப்பாட்டு டப்பாவும் வைக்கலாம். காற்றைக் குறைப்பதோடு சுமையையும் சுமக்கிற உறுப்பு வண்டியில் வேறெது?

அடுத்தது பின்சக்கரம். சக்கரத்தின் உச்சி, வண்டியைப் போல இருமடங்கு வேகத்தில் முன்னே போகிறது. கம்பிகள் காற்றைக் கடைகின்றன. இரு புறமும் தகடு வைத்து மூடினால் கடைச்சல் நிற்கும். முன்சக்கரத்தை மூடக் கூடாது. பக்கக் காற்று அதைப் பிடித்து ஹாண்டில்பாரைத் திருப்பி விடும். மூன்றாவது, காசே செலவில்லாதது: படபடக்கும் சட்டையை உள்ளே செருகிக்கொள்வது.

இவ்வளவும் செய்து தடைப் பரப்பு 0.2 சதுர மீட்டருக்கு வந்தால், அதே எதிர்க்காற்றில் காற்றுக்கான செலவு 150 வாட்டிலிருந்து 60 வாட்டாகிறது. உருளும் தடையோடு சேர்த்து 85 வாட். இறங்கித் தள்ளியவன் ஏறி வீடு போகலாம்.

மூக்கு ஏன் வேண்டாம்?

"பாட்டில் மவுன்டன் வண்டிகள் முழுக்கூடு போட்டவைதாமே?" என்பார்கள். ஆம், அவற்றின் தடைப் பரப்பு நம் உள்ளங்கை அளவை நெருங்குகிறது. ஆனால் அவை எந்தச் சூழலில் ஓடுகின்றன? வெறும் பாலைவனச் சாலை. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் மெலிந்த காற்று. பக்கக் காற்று அடங்கிய நேரம் பார்த்து ஓட்டம். உள்ளே இருப்பவர் தரையில் கால் ஊன்ற முடியாது. புறப்படும்போது பிடித்துத் தள்ள ஆள். நிற்கும்போது தாங்கிப் பிடிக்க ஆள். ரைகர்ட் ஓட்டிய வண்டியில் முன்கண்ணாடியே கிடையாது. காமிராப் படத்தைப் பார்த்துத்தான் ஓட்டினார். கண்ணாடியின் விளிம்புகூடக் காற்றின் ஒழுங்கைக் கலைத்து விடுமாம். மெச்ச வேண்டிய திறமைதான். ஆனால் நம் பல்கலைக் கழக வாசலில் எருமை குறுக்கே வரும்போது அந்த வண்டி என்ன செய்யும்?

இன்னும் இரண்டு தடைகள். ஒன்று வெப்பம். மிதிக்கும் மனிதன் தரும் ஒவ்வொரு வாட் வேலைக்கும் ஏறத்தாழ மூன்று வாட் வெப்பத்தைத் தன் உடலிலிருந்து வெளியேற்ற வேண்டும். இங்கே ஜேஷ்ட மாதத்தில் 'லூ' வீசும்போது மூடிய கூட்டுக்குள் அமர்வது, அடுப்புக்குள் அடுப்பை வைப்பது. மற்றொன்று பக்கக் காற்று. முழுக்கூட்டில் அதன் தள்ளல் பெரும்பாலும் வண்டியின் முற்பாதியில் விழுகிறது. லாரி கடந்து போகும் ஒரு வீச்சில் வண்டி பாதை மாறும். இவற்றுக்கெல்லாம் மாற்று உண்டு என்பதை மறுக்கவில்லை. காற்றுத் துளைகள் வைக்கலாம். மூன்று சக்கரம் வைக்கலாம். ஆனால் அவை இரண்டாம் பாடம். முதல் பாடத்தை முடிக்காமல் இரண்டாம் பாடத்துக்குத் தாவுவது, பரீட்சையில்தான் நமக்கு வழக்கம், விஞ்ஞானத்தில் வேண்டாம்.

மூக்குக் கட்சிக்காரர்களின் உண்மையான காரணம் வேறு என்று எனக்கு ஒரு சந்தேகம். மூக்கு புகைப்படத்தில் நன்றாக விழும். வால் பின்னால் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை!

அளக்காத திருத்தம் திருத்தமன்று

வடிவத்தை மாற்றிவிட்டு, "இப்போது வேகமாகப் போகிறது போல் இருக்கிறது" என்பது விஞ்ஞானமாகாது. அளக்க வேண்டும். காற்றுச் சுரங்கம் நமக்கு வேண்டியதில்லை. மார்கழிக் காலையில், மூடுபனி விலகி, காற்று அசையாத நேரத்தில், விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் உள்ள நேர்ச்சாலை போதும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் எடுத்து மிதிப்பதை நிறுத்துங்கள். வேகம் 15-க்குக் குறைய எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். அதே சாலையில் எதிர்த் திசையிலும் செய்து சராசரி எடுங்கள். வால் இல்லாமல் பத்து முறை. வாலோடு பத்து முறை. ஓட்டுபவர், சட்டை, டயரின் காற்றழுத்தம் எதுவும் மாறக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். குளிர்காலக் காலையின் காற்று, கோடை மதியத்தின் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி மிகுந்தது. ஆகையால் இரண்டு ஓட்டங்களையும் ஒரே நாளில், ஒரே பொழுதில் முடிக்க வேண்டும். வாலின் மேல் வரிசையாகச் சிறு நூல் துண்டுகளை ஒட்டி, பக்கத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்தால், காற்று எங்கே ஒட்டி ஓடுகிறது, எங்கே விலகிச் சுழல்கிறது என்பதை நூல்களே சொல்லும். நூல் படிந்து கிடந்தால் நன்று; குதித்து ஆடினால் அந்த இடத்தில் திருத்தம் வேண்டும். மொத்தச் செலவு ஒரு நூற்கண்டு.

மாணவர்களால் இது ஆகுமா என்று ஐயுற வேண்டாம். 2013-இல் அதே பாட்டில் மவுன்டனில் மணிக்கு 133.78 கிலோமீட்டர் ஓடி அன்றைய உலகச் சாதனையை நாட்டியது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழக மாணவர்கள் கட்டிய வண்டி. அவர்களும் நம்மைப்போல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே செய்தவர்கள்தாம்.

ஓர் எதிர்ப்பை மட்டும் நான் மதிக்கிறேன். "சமையற்கூடத்துப் பையா இந்த வண்டியை வாங்குவாரா? விலை, பழக்கம், தாழ்ந்த இருக்கை, லாரிக்காரன் கண்ணில் படாமை, இதெல்லாம் இருக்கிறதே?" என்பது அது. இன்று வாங்க மாட்டார். இருக்கையை நாற்காலி உயரத்துக்கு ஏற்றி, பின்னால் கொடி நட்டால் கண்ணில் படும். விலையும் பழக்கமும் ஒரு நாளில் தீராது. ஆனால் அவர் வாங்குவதற்குத் தக்க வண்டியாக அதை ஆக்குவது யாருடைய வேலை? விதி வகுத்தவர்கள் 1934-இல் ஒரு முறை கதவைச் சாத்தினார்கள். "இது நம் தெருவுக்கு ஆகாது" என்று சோதிக்காமலே சொல்லி நாமும் ஒரு முறை சாத்த வேண்டாம்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. கண்காட்சிக்கு ஒதுக்கிய பணத்தில் மூக்குக்கு ஒரு காசும் செலவழிக்காமல், வாலும் சக்கர மூடியும் செய்து முடியுங்கள். வண்டியின் அருகில் அதன் வேகத்தை எழுதி வைக்காமல், வாலுக்கு முன்னும் பின்னும் எடுத்த விநாடிக் கணக்கை, ஆகாமற் போன ஓட்டங்களையும் சேர்த்து, தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி வையுங்கள். பங்குனி பிறந்து பச்சுவா தொடங்கியதும், சமையற்கூடத்துப் பையாக்களில் விரும்புகிறவரை ஒரு வாரம் பழக்கி, ஒரு மாலை அந்த வண்டியில் வீடு வரை போய்வரச் சொல்லுங்கள். மறுநாள் அவர் சொல்லுவதை இந்த இதழில் அச்சிடுவோம். அது நமக்குப் பாராட்டாக இருந்தாலும் சரி, வசவாக இருந்தாலும் சரி.